லாரித் தண்ணீர் வைத்த மச்சம்

தேரடித் தெருவில் சாந்திகுமார் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவின் முன்பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதில் கல்யாண ஜோடிகள் வரிசையாக நிற்பார்கள். பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. தெருவில் போகிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "குமாரு கை சுத்தமான கைப்பா" என்பார்கள். அந்தக் கை அவர் மனைவி கனகமாலாவுடையது என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கல்யாணமான சில வருஷத்தில் பிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்து பட்டுப் பட்டு சாந்திகுமாரின் விரல் சந்தெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. சோறு பிசைய முடியவில்லை. அந்த மருந்தைத் தொடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவன் பிலிமைத் தோசை மாதிரிப் புரட்டினான். அதற்கப்புறம்தான் கனகமாலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எப்படின்னு காட்டுங்க" என்று இருட்டறைக்குள் போனாள். படம் எடுப்பது அவர், கழுவுவது அவள் என்று ஆயிற்று.

அவள் சேத்துப்பட்டுப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். ஊருக்கு நடுவில் சொந்த ஜினாலயம் இருக்கிற ஊர். பிலிமின் மேல் இருக்கிற பூச்சில் மாட்டெலும்புப் பசை கலந்திருக்கிறது என்பதைச் சாந்திகுமார் அவளிடம் மூச்சு விடவில்லை. மருந்து விற்க வந்த ஏஜெண்ட் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். ஒரு வாரம் அவள் அறைப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு மூன்று கல்யாணங்கள் கழுவாமல் தேங்கியதும், "திங்கறதில்லியே, கழுவறதுதானே" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரும்பவும் உள்ளே போனாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை.

பிலிம் கழுவுவதில் பாதி வேலை தண்ணீரைத் தேடுவதுதான். மருந்திலிருந்து எடுத்த பிலிமின் பூச்சு ஊறின அவல் மாதிரி இளகியிருக்கும். ஹைப்போ என்கிற உப்பு மருந்து போகிறவரை அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பொடி மணல் வந்து உட்கார்ந்தால் பூச்சில் புதைந்துவிடும். காய்ந்த பிறகு மணல் உதிரும்போது பூச்சையும் கொத்திக்கொண்டு போகும். நெகட்டிவில் விழுந்த அந்த ஓட்டை, படம் போடும்போது கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். இவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. அதில் அலசினால் காய்ந்ததும் பிலிம் முழுக்க வெள்ளை பூத்துவிடும். அதனால் பின் சந்தில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்துதான் அவள் கொண்டு வருவாள். குடிக்கிற தண்ணீர் போலவே அதையும் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கின கண்ணுக்குத் தெரிகிற, தெரியாத பூச்சி பொட்டுகளை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசி, கயிற்றில் கட்டி இறக்கி, அதே கிணற்றில் மெதுவாகச் சாய்த்து விடுவாள். எந்தத் தண்ணீரில் பிறந்ததோ அந்தத் தண்ணீருக்கே போக வேண்டும். அது அவள் பிறந்த வீட்டு வழக்கம். விளக்கு வைத்த பிறகு வடிகட்டக் கூடாது என்பதும் அதே வழக்கம்தான். துணியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க முடியாதபோது எதைக் கொண்டுபோய் விடுவது?

சந்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். "கனகம்மா கெணத்துக்குக் கொழந்தைங்கள எறக்கி வுடுது பாரு" என்பார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். குமார் ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்ததற்கு அந்த மடித்த துணிதான் காரணம்.

எழுபத்தொன்பதாம் வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு முன்பு நல்ல மழை. தெருவெல்லாம் சேறு, சேற்றுக்கு மேல் ஜனம். தீபத்தன்று காலையில் கனகமாலா வடிகட்டி வைத்திருந்த இரண்டு பானைத் தண்ணீரும் வாசலில் வந்து நின்ற யாத்திரைக்காரர்களுக்கே போய்விட்டது. பின் சந்துக் கிணற்றில் ஊரே வாளியை இறக்கிக் கலக்கிவிட்டிருந்தார்கள். தெருமுனைக்கு வந்த லாரியிலிருந்து ஒரு டிரம் பிடித்து வைத்தாள். அவ்வளவுதான் வீட்டில் இருந்த தண்ணீர்.

சாயங்காலம் சாந்திகுமார் வெளிறின முகத்தோடு வந்து காமிராவை மேஜையில் வைத்தார்.

"இத இப்பவே கழுவணும் கனகம். காலைல ஏட்டு அப்பாசாமிக்குப் படம் வேணுமாம்."

"இன்னாங்க படம்?"

"பொணம். கிரிவலப் பாதைல ஒக்காந்த எடத்துல உசுரு போயிருக்கு. எந்த ஊரு, யாரு ஒண்ணும் தெரியல. மேல சட்டகூட இல்ல, ஒரு வேட்டிதான். நேத்தி பகல்ல கெடச்சதாம். வெச்சுக்க எடமில்ல, பொதைக்கப் போறாங்க. ரோல்ல கடைசி ரெண்டு படம் இருந்துச்சு. மூஞ்சி ஒண்ணு, முழுசு ஒண்ணு எடுத்துட்டேன்." பேசிக்கொண்டே அவர் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

அவள் அறைக்குள் போய் பிலிமைச் சுற்றி மருந்தில் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே "அரோகரா" என்று ஊர் மொத்தமும் ஒரே குரலாக எழுந்தது. மலைமேல் தீபம் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு விளக்கு வைத்தாயிற்று என்று அதற்கு அர்த்தம். ஹைப்போவிலிருந்து பிலிமை எடுத்துக்கொண்டு டிரம் பக்கத்தில் வந்து நின்றாள். துணி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்தபின் எப்படி வடிகட்டுவது? வடிகட்டினாலும் லாரித் தண்ணீருக்குக் கிணறு எது, துணியில் நிற்பதை எங்கே கொண்டுபோய் விடுவது? கணக்குப் பார்த்தால் வடிகட்டாமல் புழங்குவதுதான் பெரிய பாவம். பழக்கம் அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. டிரம்மைக் கொஞ்ச நேரம் தெளிய விட்டாள். மேலாக மொண்டு மொண்டு பிலிமை அலசினாள். இரண்டு விரலை நனைத்து மேலிருந்து கீழாக வழித்துவிட்டுக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள்.

காலையில் படம் போட்டபோது செத்தவனின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வேறு படமாயிருந்தால் சாந்திகுமார் மை தொட்டு, பிளேடால் சுரண்டி சரி பண்ணியிருப்பார். போலீஸ் படத்தில் கை வைக்கக் கூடாது என்பது ஏட்டின் உத்தரவு. "உள்ளது உள்ளபடி இருக்கணும் குமாரு. நீ பாட்டுக்கு மாப்பிள்ளையாக்கிடாத" என்று சொல்லியிருந்தார். புள்ளியோடு படம் ஸ்டேஷனுக்குப் போயிற்று. செத்தவர் மண்ணுக்குப் போனார்.

மார்கழி பிறக்கிற சமயத்தில் ஏட்டு அப்பாசாமி ஸ்டூடியோவுக்கு ஒரு பெண்ணையும் ஓர் ஆளையும் அழைத்து வந்தார். சாந்திகுமார் செங்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கனகமாலாதான் முன்பக்கம் இருந்தாள்.

"தீபத்து ஆளு போட்டோ காப்பி ஒண்ணு இருக்கும்ல, எடும்மா. ஸ்டேஷன்ல இருந்தது வேலூரு ஆபீசுக்குப் போயிடுச்சு. இவங்க கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். இந்தம்மா பேரு பச்சையம்மாள், இவன் தம்பி பலராமன். வூட்டுக்காரரு தசரதன், தீபம் பாக்க வந்தவரு திரும்பல."

பச்சையம்மாளுக்கு முப்பது வயசு இருக்கும். நகக்கண்ணில் செம்மண். படத்தை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திரும்பினாள். கட்டைவிரலால் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்து நெற்றியைப் பார்த்தாள். அப்புறம் நெற்றியை மறைத்து வாயைப் பார்த்தாள். தம்பி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"காது அவுருதுதான்" என்றாள் மெதுவாக. "சின்ன வயசுல கடுக்கன் மாட்டி இழுத்து அறுந்துடுச்சு. இதே பக்கம்தான்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் விரல் காதிலிருந்து கன்னத்துக்கு நகர்ந்து நின்றது. திடீரென்று அவள் முகம் இளகியது.

"டேய் பலராமா, இங்க பாருடா. மச்சம்."

"இன்னாக்கா?"

"உங்க மாமாவுக்கு மூஞ்சில மச்சம் ஏது? ஒடம்புலயே மச்சம் கெடையாது. எங்க மாமியா சொல்லும், வெளக்கி வெச்ச சொம்பு மாதிரி பொறந்தான்னு. இது அவுரு இல்ல."

"நல்லாப் பாரும்மா" என்றார் ஏட்டு. "அப்புறம் மாத்திச் சொல்ற வேலயெல்லாம் ஆவாது."

"நல்லாத்தான் பாத்தேங்க. கூடப் படுத்து எந்திரிச்சவளுக்கு மூஞ்சி தெரியாதா? இது வேற யாரோ, பாவம். யாரு பெத்த புள்ளயோ." அவள் படத்தை இரண்டு கையாலும் கனகமாலாவிடம் நீட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. "அந்தாளு எங்கியாவது சாமியார்க் கூட்டத்துல ஒக்காந்துக்கினு இருக்கும். வூட்ல ஒரு வார்த்த ஜாஸ்தியாப் பேசிட்டா, மலைக்குப் போயிடுவேன் போயிடுவேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. வரட்டும், வெச்சுக்கறேன்."

அவர்கள் போன பிறகு கனகமாலா படத்தைப் பார்த்தபடியே நின்றாள். மச்சத்துக்கு ஓரம் மங்கலாக இருக்கும், தோலோடு கரையும். இது பேனா முனையால் வைத்த மாதிரி வெட்டென்று இருந்தது. நெகட்டிவை எடுத்துக்கொண்டு கொல்லை வெயிலுக்குப் போனாள். நேராகப் பிடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தாள். பளபளப்பில்லாத பூச்சின் நடுவே ஊசிக் குத்து அளவுக்கு ஒரு பள்ளம் மினுக்கென்று மின்னியது. முழு உடம்புப் படத்தின் நெகட்டிவை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கடுகளவு முகம். அந்த முகத்தின் கன்னத்தில் எதுவும் இல்லை.

அவளுக்கு டிரம்மும், கொடியில் தொங்கின துணியும், தான் விரலால் வழித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சாந்திகுமார் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "ஏங்க, அந்தத் தீபத்து ஆளு கன்னத்துல மச்சம் இருந்துச்சா?"

"நான் எங்க மூஞ்சியப் பாத்தேன்? போகஸ் பாத்தேன், அமுத்தினேன், ஓடியாந்துட்டேன்."

அவள் நெகட்டிவைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சரி, மச்சம் இல்ல. அதனால அவ புருஷன்னு ஆயிடுமா? அறுந்த காது ஊர்ல எத்தன பேருக்கு இருக்கு. நீ பாட்டுக்குப் போய்த் தாலியக் கழட்டச் சொல்லுவியா? நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னா?"

"அவருதான்னு இருந்தா?"

"இருந்தாலும்... அந்தம்மா சிரிச்சுக்கினு போச்சுன்னு நீதானே சொல்ற. போவட்டும் வுடு." கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி சரியில்ல, பொணத்து மூஞ்சில ஓட்ட போட்டுட்டோம்னு போலீஸ்ல போய்ச் சொல்லு. அப்புறம் எவன் இந்தக் கடைக்குப் பொண்ணு போட்டோ எடுக்க வருவான்?"

அவர் சொன்னதில் முதல் பாதி நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது. நெகட்டிவை உறையில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

பச்சையம்மாள் வாரம் தவறாமல் பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். காலையில் இறங்கி ஆசிரமத்துப் பக்கம் போவாள். மரத்தடி மரத்தடியாக, காவி கட்டினவர்கள் முகத்தையெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றுவாள். சாயங்காலம் ஸ்டூடியோ வாசலில் வந்து காலை நீட்டி உட்காருவாள். ஊரில் அவளுக்குத் தெரிந்த முகம் கனகமாலாதான்.

"ஒரு வெள்ளக்காரன் இருக்காம்மா. தாடிய மட்டும் எடுத்துட்டா எங்க ஊரு மணியக்காரரேதான். நான் உத்துப் பாக்கறன்னு எனக்கு ஒரு வாழப்பழம் குடுத்துட்டான்."

கனகமாலா மோர் கொடுப்பாள். "நெலத்துல வேல இல்லியாம்மா?"

"மல்லாட்ட வெதைக்கற பதம் போய்க்கினே இருக்கு. பலராமன் ஒண்டி ஆளு, இன்னா பண்ணுவான்? அவரு வந்துட்டா ரெண்டு நாள் வேல. அதுவரிக்கும் கெடக்கட்டும்."

"வந்துட்டா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் கனகமாலா உண்மையைச் சொல்ல வாயெடுப்பாள். எதிரே இருப்பவளின் கழுத்து மஞ்சள் கயிறு கண்ணில் படும். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பொங்கல் கழிந்ததும் பச்சையம்மாள் துணியில் சுற்றிய ஒரு படத்தைக் கொண்டு வந்தாள். அவள் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம். மாப்பிள்ளைக் கோலத்தில் நடுவில் நின்றவரைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மூஞ்சிய மட்டும் பெருசு பண்ணிக் குடுங்கம்மா. வாயால அடையாளம் சொன்னா யாருக்கும் வெளங்கல. பலராமன் வந்து வாங்கிக்குவான்."

படத்தைப் படம் பிடித்துக் கொடுத்தது சாந்திகுமார். பெரிது பண்ணிப் பேப்பரை மருந்துத் தட்டில் போட்டது கனகமாலா. சிவப்பு விளக்கில் வெள்ளைப் பேப்பரிலிருந்து முகம் மெல்ல எழுந்து வந்தது. முதலில் கறுப்பெல்லாம் வரும். தலைமயிர் வந்தது, புருவம் வந்தது. அப்புறம் காது. மடலின் கீழே பிளந்து, பிளவின் ஒரு நுனி மட்டும் மேலே சுருண்டு, தண்ணீருக்குள் நெளிந்தது. அவள் அலமாரியிலிருந்து செத்தவரின் படத்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதே பிளவு, அதே சுருண்ட நுனி. புருவத்துக்கு நடுவில் விழுந்த கோடும் ஒன்றேதான். மருந்திலிருந்து எடுக்க மறந்து அவள் பார்த்துக்கொண்டிருந்ததில் தட்டிலிருந்த படம் கறுத்துப் போயிற்று. இன்னொன்று போட்டாள்.

"பச்சையம்மா வரட்டும், நான் சொல்லப் போறேன்" என்று அன்று சாப்பிடும்போது சொன்னாள். சாந்திகுமார் நிமிராமல் சாப்பிட்டார். மறுநாள் அவள் கிணற்றடியிலிருந்து வந்தபோது மேஜைமேல் வைத்திருந்த படம் இல்லை.

"பலராமன் வந்தான், குடுத்து அனுப்பிட்டேன்" என்றார் அவர். "இனிமே அந்தம்மா இங்க வர வேண்டிய வேல இல்ல."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். இருட்டறைக்குள் போய், அந்தத் தீபத்து ரோலில் இருந்த அத்தனை படத்தையும் ஒன்றுவிடாமல் போட்டாள். மை தொடாமல், சுரண்டாமல், உள்ளபடி. காலையில் எல்லாவற்றையும் நெகட்டிவோடு ஒரு உறையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். சாந்திகுமார் கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"போவாதன்னு சொன்னா கேக்கவா போற" என்றார். அவர் தாளை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டார். "கீழ்பென்னாத்தூர் பஸ் அந்தப் பக்கம் நிக்குது. ஓடு."

பச்சையம்மாளின் நிலம் ரோட்டை ஒட்டி இருந்தது. பலராமன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் கிணற்று மேட்டில் தலைவாரிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். மஞ்சள் பையில் அந்தப் பெரிது பண்ணின படம் நீட்டிக்கொண்டிருந்தது.

"அட, ஸ்டூடியோக்காரம்மா. இன்னாங்க இவ்ளோ தூரம்? ஒக்காருங்க." ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினாள்.

கனகமாலா முந்தானையை மடித்து இன்னொரு சொம்பின் வாயில் போட்டு அதில் ஊற்றினாள். பச்சையம்மாள் புருவத்தைத் தூக்கினாள்.

"எங்க கெணத்துல புழு கிழு எதுவும் இல்லம்மா."

"உங்க கெணறுன்னு இல்லீங்க. எங்க வூட்ல எல்லாத் தண்ணிக்கும் இப்படித்தான்." முந்தானையை அலசின தண்ணீரைக் கிணற்றுக்குள் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குடிக்கவில்லை. "அன்னிக்கு ஒரு நாள் நான் இதச் செய்யல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னாள். லாரித் தண்ணீர், மணல், பூச்சு, ஓட்டை எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்த மச்சம் முகத்தில் இருந்ததில்லை, பிலிமில் விழுந்தது என்றாள். காதைப் பற்றிச் சொன்னாள்.

பச்சையம்மாள் நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் குரல் மாறியது.

"ஏட்டு அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்கு வந்த? நான் தாலியோட சுத்தறது உன் கண்ண உறுத்துதா?"

கனகமாலா முழு உடம்புப் படத்திலிருந்து பெரிது பண்ணின முகத்தை எடுத்துக் கொடுத்தாள். மச்சம் இல்லாத முகம். பச்சையம்மாள் அதைப் பார்த்ததும் பார்க்காததுமாகத் திருப்பித் தந்தாள்.

"போட்டோக்காரங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க நாத்தனார் பொண்ணுக்கு மூக்குமேல இருந்த மருவையே அழிச்சுட்டு மாப்ள வூட்டுக்கு அனுப்பினீங்க. அவங்க வந்து நேர்ல பாத்துட்டு ஒரு வாரம் சண்ட. இன்னிக்கு மச்சம் இருக்கும், நாளைக்கு இருக்காது. உங்க கையில எது நெசம்?"

இதைக் கனகமாலா எதிர்பார்த்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது பயந்தது இதற்குத்தான். உறையைப் பிரித்து மற்றப் படங்களைக் கிணற்றுக் கல்லின்மேல் பரப்பினாள்.

"இது எல்லாம் அந்த ரோல்தான். ஒரே தண்ணில அலசினது. இது ராஜகோபுரம், பின்னால ஆகாசம். ஆகாசத்துல இந்தக் கறுப்புப் பொட்டு இன்னா சொல்லுங்க."

"காக்கா" என்றாள் பச்சையம்மாள்.

"காக்கான்னா றெக்க இருக்கும்ல. இங்க இன்னொண்ணு. இது மொட்டயடிச்ச கொழந்த. கொழந்த தலையில ஒண்ணு. பின்னால வெள்ளச் செவுத்துல ஒண்ணு. செவுத்துக்கு மச்சம் வருமா? ஆகாசத்துக்கு வருமா? நான் எதையும் அழிக்கல, எதையும் வெக்கல. அந்த மணல் எல்லாத்துமேலயும் விழுந்துது. அவுரு கன்னத்துமேலயும் ஒண்ணு விழுந்துடுச்சு."

பச்சையம்மாள் கல்லருகே குந்தினாள். கோபுரத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கடைசியாக, அன்று ஸ்டூடியோவில் பார்த்த அதே படத்தை எடுத்தாள். கட்டைவிரல் நுனியை அந்தப் புள்ளியின்மேல், அதை மட்டும் மறைக்கிற மாதிரி வைத்தாள்.

ஏர் நின்றுவிட்டது. பலராமன் வரப்பில் வந்து நின்று அக்காவின் முகத்தைப் பார்த்தான். கனகமாலாவுக்கு, இவள் விரலை எடுத்துவிட வேண்டும், "இல்லவே இல்ல" என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. தான் வந்ததே தப்போ என்றிருந்தது. பச்சையம்மாள் விரலை எடுக்கவில்லை.

"சாமியாராப் போவல" என்றாள் கடைசியில்.

படத்தைக் கல்லின்மேல் வைத்தாள்.

"ஊரெல்லாம் சிரிச்சுச்சு. பொண்டாட்டி வாய்க்குப் பயந்து காவி கட்டிக்கினு போயிட்டான்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்தாளு என்னாலதான் போயிடுச்சுன்னு." அவள் குரல் உடையவில்லை, வறண்டு போயிருந்தது. "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினுதான் இருந்துச்சு. வாயுன்னு பூண்டு வறுத்துக் குடுத்தேன்."

பலராமன் வரப்பிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், நுகத்தடியோட மாட்ட வுட்டுட்டு ஒக்காந்து அழாத. அவுத்துக் கட்டு. தண்ணி காட்டு."

பிறகு படங்களைத் தானே பொறுக்கி அடுக்கி உறையில் போட்டாள். போட்டுவிட்டு, உறையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்கூட வரணும். ஏட்டு கிட்ட நான் சொன்னா, அன்னிக்கு இல்லன்ன, இன்னிக்கு ஆமான்றியான்னு கேப்பாரு. நீதான் சொல்லணும். தண்ணி, மணலு, எல்லாம்."

"சொல்றேன்" என்றாள் கனகமாலா. ஏட்டின் முகமும், போலீஸ் வேலை இனி வேறு ஸ்டூடியோவுக்குத்தான் போகும் என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்தது.

"எங்க பொதச்சாங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. அதையும் கேக்கலாம்."

இருவரும் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். பஸ் வரத் தாமதமாயிற்று. பச்சையம்மாள் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ரோட்டில் போன ஒருத்தி, "இன்னா பச்சையம்மா, இன்னிக்கும் தேடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இல்ல" என்றாள் பச்சையம்மாள். "கெடச்சுட்டாரு."